கியாரி குறைபாடு: ஸ்கேன் அளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போய், ‘சிறுமூளை டான்சில் 6 மி.மீ. கீழிறங்கியுள்ளது, கியாரி வகை 1’ என்ற வரியோடு வீடு திரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அந்த 6-ஐப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க இணையத்தில் தேடுகிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், கூடவே வேறு எந்த அளவுகளைப் பார்க்க வேண்டும் என்பதற்கான பதில்கள் கீழே. சிகிச்சை முடிவை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவர் எதிரில் உட்காரும்போது அவர் பேசுவது புரிந்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கியாரி குறைபாடு என்றால் என்ன?

மண்டைக்குள் பின்பக்கம், பிடரிக்கு நேர் மேலே, ஒரு எலும்புக் குழி இருக்கிறது. பின்மண்டைக் குழி என்பார்கள். சிறுமூளையும் மூளைத்தண்டும் இதற்குள்தான். குழியின் அடியில், மண்டையோடு கழுத்தோடு சேரும் இடத்தில், பெரிய துளை ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் ஃபோரமன் மேக்னம் என்று இருக்கும். இங்கே பெருந்துளை என்றே சொல்கிறேன். மூளைத்தண்டு இதன் வழியாக இறங்கித்தான் தண்டுவடமாகிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் இதே துளை வழியாகக் கீழே போய் மேலே வருகிறது. சிறுமூளையின் அடிநுனிகளைத்தான் டான்சில் என்கிறார்கள். அவை இந்தத் துளையைத் தாண்டிக் கழுத்துக்குள் இறங்கியிருந்தால் அது கியாரி வகை 1.

பெயர் ஹன்ஸ் கியாரியுடையது. வியன்னாவில் பிறந்து, ப்ராக் நகரில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்தவர். 1891-இல் பிரேதப் பரிசோதனைகளில் தான் பார்த்ததை வைத்து மூன்று வகைகளை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். அதாவது, உயிரோடு இருப்பவர் தலைக்குள் இதைப் பார்க்க வழியே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வகைப்பாடு இது. இன்றைய குழப்பங்களில் பாதிக்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

தொண்டை டான்சிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. பெயர் மட்டும்தான் ஒன்று. தொண்டையில் டான்சில் ஆபரேஷன் செய்தவர்களும் செய்யாதவர்களும் இதில் ஒன்றுதான்.

‘6 மி.மீ.’ என்பதை எப்படி அளக்கிறார்கள்?

தலையை மூக்கிலிருந்து பிடரி வரை நேர் நடுவில் இரண்டாகப் பிளந்தது போன்ற படத்தில்தான் அளப்பது. ரேடியாலஜிஸ்ட் படங்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டே போய், நடுக்கோட்டுப் படத்தில் நிறுத்துவார். அதில் பெருந்துளையின் முன் விளிம்பு ஒரு புள்ளி, பின் விளிம்பு ஒரு புள்ளி. முன் விளிம்பு கிளைவஸ் என்ற சரிவான எலும்பின் கீழ்நுனி. பின் விளிம்பு பிடரி எலும்பின் கீழ்நுனி. இரண்டையும் மவுஸால் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது மெக்ரே கோடு. டான்சிலின் அடிநுனியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. திரையில் வரும் எண்தான் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது மூன்று இடத்தில் சறுக்கும். எலும்பின் வெளித்தோடு எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாகத் தெரியும், அதை ஒட்டிய தசைநாரும் கறுப்பு. எலும்பு எங்கே முடிகிறது என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது, டான்சில்கள் நேர் நடுவில் இல்லை. ஆளுக்கொரு பக்கமாகச் சற்றே விலகி நிற்பவை. பல பேருக்கு ஒன்று மற்றதைவிடக் கீழே இருக்கும். நடுக்கோட்டுப் படத்தில் மட்டும் அளந்தால் அதிகமாக இறங்கிய பக்கம் தவறிப் போகலாம். மூன்றாவது, படத்தின் தடிமன். சாதாரணத் தலைவலி ஸ்கேனில் ஒவ்வொரு வெட்டும் 5 மி.மீ. தடிமனாக இருக்கும், அந்தத் தடிமனுக்குள் இருப்பதெல்லாம் ஒன்றாகக் கலந்துதான் படமாகிறது. 1 மி.மீ. தடிமனில் எடுக்கும் முப்பரிமாணப் படத்தில் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே ஒரே படத்தை இருவர் அளந்து ஒருவர் 5, இன்னொருவர் 6 என்று எழுதினால் யாரும் தப்பு செய்யவில்லை. ‘போன வருஷம் 5, இந்த வருஷம் 6, வளர்ந்துவிட்டது’ என்று பயப்படுவதற்கு முன், இரண்டு படங்களையும் ஒரே ஆள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எண்ணோடு உருவத்தையும் ரிப்போர்ட்டில் எழுதுவது நல்ல வழக்கம். இறங்கியிருந்தாலும் நுனி உருண்டையாக, சுற்றிலும் நீர் தெரிந்தால் ஒரு மாதிரி. ஆப்பு அடித்தது போல் கூர்மையாகி, சுற்றியுள்ள நீர் முழுக்க மறைந்திருந்தால் வேறு மாதிரி. நான் முதலில் பார்ப்பது அந்த நீரைத்தான்.

5 மி.மீ. என்ற எல்லை எங்கிருந்து வந்தது?

எம்.ஆர்.ஐ. புதிதாக வந்த 1980-களிலிருந்து. 1985-இல் அபூலெஸ் குழுவினர், நலமாக இருப்பவர்களையும் கியாரி உள்ளவர்களையும் ஒப்பிட்டு, 3 மி.மீ. வரை இயல்பு, 3 முதல் 5 வரை எல்லைக்கோடு, 5-க்கு மேல் குறைபாடு என்றார்கள். அடுத்த ஆண்டு பார்கோவிச் குழுவின் ஆய்வு வந்தது. அதில் இயல்பானவர்களின் டான்சில் சராசரியாகப் பெருந்துளைக்கு 1 மி.மீ. மேலே இருந்தது, ஆனால் எந்தக் கோளாறும் இல்லாமலே 5 மி.மீ. வரை கீழே இறங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

1992-இல் மிகுலிஸ் குழு வயதையும் கணக்கில் எடுத்தது. வயது ஏற ஏற டான்சில் கொஞ்சம் மேலே போகிறது. அதனால் முதல் 10 வயதுக்குள் 6 மி.மீ., அடுத்த இருபது ஆண்டுகளுக்கு 5, முப்பதுக்கு மேல் 4, எண்பதைத் தாண்டியவர்களுக்கு 3 என்று எல்லையை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நடைமுறையில் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் எல்லா வயதுக்கும் 5 என்றே போகின்றன. ஒரே எண்ணாக இருந்தால் நினைவில் வைப்பது எளிது, அவ்வளவுதான்.

மி.மீ. கூடினால் நோயும் கூடுமா?

இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இது. கூட வேண்டும் என்ற அவசியம் இல்லை.

கியாரி முதல் வகைக்கு 1891-இல் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டைபாய்டு காய்ச்சலில் இறந்த 17 வயதுப் பெண். மூளையில் நீர்க்கோர்வை இருந்தது, சிறுமூளை நுனிகள் கழுத்துக்குள் இறங்கியிருந்தன. ஆனால் சிறுமூளையையோ மூளைத்தண்டையோ சார்ந்த தொந்தரவு எதுவும் அவருக்கு உயிரோடிருந்தவரை இருந்ததாகப் பதிவில்லை. இந்தக் குறைபாட்டின் வரலாறே அறிகுறி இல்லாத ஒருவரிடமிருந்து தொடங்குகிறது.

பிறகு எம்.ஆர்.ஐ. காலத்தில் எண்ணிக்கைகளும் வந்தன. 2000-இல் மெடோஸ் குழு 22,591 பேரின் எம்.ஆர்.ஐ. பதிவுகளை அலசியது. 5 மி.மீ.க்கு மேல் இறங்கியவர்கள் 175 பேர். அதில் 25 பேருக்கு, அதாவது 14 சதவீதத்தினருக்கு, அறிகுறியே இல்லை. அந்த 25 பேரின் சராசரி இறக்கம் எவ்வளவு தெரியுமா? 11 மி.மீ.க்குச் சற்று மேல். எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கும் கூட!

எதிர்ப்பக்கமும் உண்டு. 1999-இல் நியூயார்க்கின் மில்ஹோராட் குழு, அறிகுறிகளோடு வந்த 364 பேரை விவரித்தது. 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியவர்கள் 332 பேர். மீதி 32 பேர் எல்லைக்கு உள்ளேயே இருந்தார்கள், ஆனாலும் தொந்தரவு இருந்தது. அதே ஆய்வில் 364 பேரிலும் தவறாமல் தென்பட்டது எது என்று பார்த்தால், சிறுமூளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய நீர் இடைவெளி அடைபட்டிருந்ததுதான்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், மி.மீ. என்பது டான்சில் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்வது விளங்கும். அங்கே நின்றுகொண்டு நீரின் வழியை அடைக்கிறதா, மூளைத்தண்டை அழுத்துகிறதா என்பதை வேறு அளவுகளில்தான் தேட வேண்டும். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: 5 மி.மீ. இறக்கம், அல்லது 3 மி.மீ. இறக்கத்தோடு பெருந்துளைப் பகுதியில் நீர் இடைவெளி நெருக்குண்டிருப்பது.

பின்மண்டைக் குழியின் கொள்ளளவை ஏன் அளக்கிறார்கள்?

பல பேருக்குச் சிறுமூளையின் அளவில் குறை ஒன்றும் இல்லை. அது குடியிருக்கும் குழி சின்னதாகிவிட்டது. மில்ஹோராட் ஆய்வில் குழியின் மொத்தக் கொள்ளளவு சராசரியாக 13.4 மி.லி. குறைந்திருந்தது; மூன்று டீஸ்பூன்கூட வராது. மூளைத் திசுவின் அளவு இயல்பு. இடம் குறைந்த சுமையைத் தாங்கியது நீர்: அந்தக் குழிக்குள் இருந்த நீரின் அளவு சராசரியாக 10.8 மி.லி., அதாவது 40 சதவீதம், குறைந்துபோயிருந்தது. ஜப்பானில் நிஷிகாவா குழுவும் 1997-இல் இதே திசையில்தான் எழுதியது: பிடரி எலும்பு சரியாக வளராததால் குழி சிறுத்து, உள்ளே நெருக்கடி ஏற்படுகிறது என்று.

அளக்கும் முறை பொறுமையைச் சோதிக்கும். முப்பரிமாண எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு வெட்டிலும் குழியின் எல்லையைக் கோடு போட்டு வளைக்க வேண்டும். முன்னால் கிளைவஸ், பின்னால் பிடரி எலும்பு, கீழே மெக்ரே கோடு. மேலே பெருமூளையையும் சிறுமூளையையும் பிரிக்கும் கூடாரம் போன்ற உறை. ஒரு வெட்டில் வளைத்த பரப்பு 20 சதுர செ.மீ., வெட்டின் தடிமன் 1 மி.மீ. என்றால் அந்த வெட்டின் பங்கு 2 மி.லி. இப்படி எல்லா வெட்டுகளையும் கூட்ட வேண்டும். மேல் உறை சாய்வாக இருப்பதால் அதன் ஓரத்தைப் பிடிப்பதுதான் பெரிய தலைவலி.

இதில் ஒரு சிக்கல் சொல்ல வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும், உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும், குழந்தைக்கும் பெரியவருக்கும் குழி அளவு மாறும். ஆய்வுக்கு ஆய்வு எல்லை வளைக்கும் விதமும் மாறும். அதனால் ஒரு தனிமனிதரைப் பார்த்து ‘உங்கள் குழி இத்தனை மி.லி., ஆகவே நோய்’ என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. கூட்டங்களை ஒப்பிட இது அருமையான அளவு. உங்கள் ரிப்போர்ட்டில் இது இல்லாவிட்டால் எதுவும் விட்டுப்போகவில்லை.

ரிப்போர்ட்டில் கோணங்களும் கோடுகளும் இருக்கின்றன. அவை எதற்கு?

டான்சில் பின்னாலிருந்து நெருக்குகிறது. எலும்பு முன்னாலிருந்து நெருக்குகிறதா என்று பார்க்கத்தான் இவை.

கிளைவஸின் சரிவுக்கும் இரண்டாம் கழுத்தெலும்பின் பின்புறத்துக்கும் இடையிலுள்ள கோணம் சாதாரணமாக 150 முதல் 180 டிகிரி வரை இருக்கும். இது குறைந்தால் மூளைத்தண்டு அந்த இடத்தில் வளைந்து மடங்குகிறது என்று பொருள். 125-க்கும் கீழே போனால் அறுவை மருத்துவர்கள் மண்டையோட்டையும் கழுத்தையும் இணைத்து நிலைநிறுத்துவது பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்று கிராப், மேப்ஸ்டோன், ஓக்ஸ் 1999-இல் சொன்ன அளவு. பெருந்துளையின் முன் விளிம்பிலிருந்து இரண்டாம் கழுத்தெலும்பு உடலின் பின் அடிமூலைக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து இரண்டாம் எலும்பின் முளை எவ்வளவு தூரம் பின்னால் துருத்துகிறது என்று செங்குத்தாக அளப்பது. 9 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் முன்பக்க அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அப்புறம் சேம்பர்லின் கோடு: அண்ணத்தின் பின்நுனியிலிருந்து பெருந்துளையின் பின் விளிம்பு வரை. முளை இதைத் தாண்டி 5 மி.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் கழுத்தெலும்பு மண்டைக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது.

கழுத்தைக் குனிந்து, நிமிர்ந்து எடுக்கும்போது இந்தக் கோணங்கள் மாறும். படுத்த நிலையில் எடுத்த ஒரே படத்தை மட்டும் நம்பக் கூடாது என்று சிலர் எக்ஸ்ரே அல்லது சி.டி.யும் கேட்பது அதனால்தான்.

மும்பை மருத்துவர் அதுல் கோயல் சொல்வது என்ன?

முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே நிலையின்மைதான் மூல காரணம், டான்சில் இறங்குவது உடலின் தற்காப்பு என்பது அவர் வாதம். 2015-இல், இந்த இரண்டு எலும்புகளையும் இணைத்துச் சிகிச்சை செய்த 65 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். உலக அளவில் இது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பெரும்பாலான மையங்கள் எல்லோருக்கும் இதைச் செய்வதை ஏற்கவில்லை. ஆனால் கழுத்து மூட்டை ஒழுங்காகப் பாருங்கள் என்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்ததில் அவர் பங்கு பெரிது.

‘சினி ஃப்ளோ’ ஸ்டடி எதற்கு?

நீரின் ஓட்டத்தை நேரடியாகப் பார்க்க. என்னைக் கேட்டால், மி.மீ. அளவைவிடச் சுவாரசியமான பரிசோதனை இது.

விரலில் நாடித்துடிப்பு கிளிப் மாட்டிவிடுவார்கள், அல்லது மார்பில் ஈ.சி.ஜி. பட்டன். இயந்திரம் உங்கள் இதயத் துடிப்போடு ஒத்திசைந்து, ஒரு துடிப்பைப் பல பங்குகளாகப் பிரித்துப் படம் எடுக்கும். இதயம் சுருங்கும்போது மண்டைக்குள் ரத்தம் பாய்கிறது. மண்டையோடு விரியாது, ஆகவே அந்த அளவுக்கு நீர் பெருந்துளை வழியாகக் கீழே போகிறது. இதயம் விரியும்போது மேலே திரும்புகிறது. படத்தில் ஒரு திசை வெள்ளையாகவும் மறு திசை கறுப்பாகவும் தெரியும். இயல்பானவருக்கு மூளைத்தண்டின் முன்னும் பின்னும் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி மின்னும்.

கியாரியில் பின்பக்கம் சாம்பல் நிறத்திலேயே நின்றுவிடலாம். அங்கே ஓட்டம் இல்லை. முன்பக்கம் குறுகிய சந்து வழியாக நீர் வழக்கத்தைவிட வேகமாகப் பீய்ச்சும். சில பேருக்கு ஒரே நேரத்தில் ஒரு ஓரத்தில் மேல்நோக்கியும் இன்னொரு ஓரத்தில் கீழ்நோக்கியும் ஓடும்.

ஸ்கேன் டெக்னீஷியன் இதற்கு முன்கூட்டியே ஒரு வேக வரம்பை இயந்திரத்தில் பதிய வேண்டும். வினாடிக்கு 5 முதல் 10 செ.மீ. வரை வைப்பது வழக்கம். வரம்பு குறைவாக வைத்து நீர் அதைத் தாண்டி ஓடினால், திசையே தலைகீழாகிக் கறுப்பில் வெள்ளைத் திட்டாகக் காட்டும். அதிகமாக வைத்துவிட்டால் மெதுவான ஓட்டம் கண்ணுக்கே தெரியாது. அதனால் ‘ஓட்டம் இல்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால், வேக வரம்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தலை ஸ்கேனில் கியாரி வந்தால் ஏன் முதுகு முழுக்க ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்?

சிரிங்ஸ் இருக்கிறதா என்று பார்க்க. தண்டுவடத்தின் உள்ளேயே நீர் சேர்ந்து குழாய் போல நீளும் குழி அது. மில்ஹோராட்டின் 364 பேரில் 65 சதவீதத்தினருக்கு இருந்தது. அவர்கள் எல்லோரும் அறிகுறியோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதை மறக்காதீர்கள். தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களிடம் இது குறைவு.

எப்படி உண்டாகிறது என்பதற்கு அமெரிக்காவில் ஓல்ட்ஃபீல்ட் குழு 1994-இல் ஒரு விளக்கம் தந்தது. பெருந்துளை அடைபட்டதால், ஒவ்வொரு துடிப்பிலும் டான்சில்களே பிஸ்டன் போல இறங்கி, கீழே அடைபட்ட நீரின் அழுத்தத்தை ஏற்றுகின்றன. அந்த அழுத்த அலை தண்டுவடத்துக்குள் நீரைத் தள்ளுகிறது. முழு விளக்கமும் இதுதானா என்பதில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

இங்கே அளப்பவை இரண்டு: குழியின் அகலம் எத்தனை மி.மீ., நீளம் எத்தனை முள்ளெலும்புகள். ஆட்கள் வந்து சொல்லும் விதமோ வேறு. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தைத் தூக்கிச் சூடு தெரியாமல் கை கொப்பளித்திருக்கும். சட்டைப் பித்தான் போட விரல் வராது. பிள்ளைகளுக்கு முதுகு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். டான்சில் 5 மி.மீ.தான் என்றாலும், கூடவே சிரிங்ஸ் இருந்தால் கணக்கு மாறிவிடும்.

எந்தத் தலைவலி கியாரி தலைவலி?

இருமினால், தும்மினால், பலமாகச் சிரித்தால், முக்கினால் பிடரியில் வெட்டுவது போல் வந்து, சில நிமிடங்களில் அடங்குவது. நெற்றிப் பொட்டில் மணிக்கணக்கில் விண்விண்ணென்று குமட்டலோடு வரும் வலிக்கு மைக்ரேன்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், படத்தில் 6 மி.மீ. இருந்தாலும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதால்தான் மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார். ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன் வலியைச் சொல்லுங்கள்.

வேறு காரணத்தால் டான்சில் இறங்குமா?

இறங்கும். இதைத் தவறவிட்டால் தேவையில்லாத ஆபரேஷனில் முடியும்.

முதுகுத்தண்டு உறையில் எங்காவது சிறு கிழிசல் ஏற்பட்டு நீர் கசிந்தால் மண்டைக்குள் அழுத்தம் குறைந்து, மூளை மொத்தமாகத் தொய்கிறது. டான்சிலும் கூடவே இறங்கும். தனியாக டான்சிலை மட்டும் பார்த்தால் அச்சு அசல் கியாரி. வித்தியாசத்தைக் காட்டும் அளவுகள் படத்தின் முன்பகுதியில் இருக்கின்றன. மூளைத்தண்டின் பாலம் போன்ற பகுதிக்கும் அதற்கு மேலுள்ள மாமில்லரி முண்டுகளுக்கும் இடையே 6.5 மி.மீ. அல்லது குறைவு, பாலத்துக்கு முன்னுள்ள நீர் இடைவெளி 5 மி.மீ. அல்லது குறைவு, பிட்யூட்டரிக்கு மேலுள்ள இடைவெளி 4 மி.மீ. அல்லது குறைவு. பெர்ன் மதிப்பெண் என்ற பட்டியலில் இவை மூன்றும் உண்டு. கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்தால் மூளை உறை முழுக்கப் பளிச்சென்று தெரியும்.

இந்த ஆட்களின் தலைவலியும் வேறு: எழுந்து உட்கார்ந்தால் வலி, படுத்தால் நிம்மதி. இவர்களுக்குத் தேவை கசிவை அடைப்பது. எதிர்க்கோடியில், மண்டைக்குள் அழுத்தம் அதிகமாகியும் டான்சில் இறங்கலாம். கட்டி, நீர்க்கோர்வை, காரணமில்லாத அழுத்த உயர்வு என்று. கண் மருத்துவரிடம் பார்வை நரம்பைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

குழந்தைக்கு வந்திருந்தால்?

பெரியவர்களைவிடப் படத்தில் அதிகம் தென்படும். மிச்சிகனில் 18 வயதுக்குட்பட்ட 14,116 பேரின் எம்.ஆர்.ஐ.யை 2011-இல் ஆராய்ந்தபோது 3.6 சதவீதத்தினரிடம் கியாரி வகை 1 இருந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பொதுமக்களில் 2000 பேரை, பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினரை, ஸ்கேன் செய்தபோது 0.9 சதவீதம். முதலாவது ஏதோ ஒரு தொந்தரவுக்காக மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள், இரண்டாவது சும்மா இருந்த மக்கள். அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் வளர வளர டான்சில் மேலே போகும் என்பதோடு இது ஒத்துப்போகிறது. அறிகுறியும் சிரிங்ஸும் இல்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் கண்காணிப்புத்தான்.

இன்னும் பேசத் தெரியாத குழந்தை பிடரியைப் பிடித்துக்கொண்டு அழுவது, அடிக்கடி புரையேறுவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

வகை 2 என்பது இதன் முற்றிய நிலையா?

இல்லை, வேறு குறைபாடு. முதுகுத்தண்டு பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்கு வருவது. கருவிலேயே முதுகில் திறந்திருக்கும் இடம் வழியாக நீர் கசிவதால் பின்மண்டைக் குழி விரியாமல், சிறுமூளையின் நடுப்பகுதியும் மூளைத்தண்டும் சேர்ந்து இறங்கிவிடுகின்றன. கருவின் சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்தும், நெற்றிப் பக்க மண்டையோடு எலுமிச்சை வடிவிலும் தெரிவதை லண்டனில் நிக்கோலைடஸ் குழு 1986-இல் விவரித்தது. நம்மூரில் ஐந்தாம் மாதம் எடுக்கும் அனாமலி ஸ்கேனில் இன்றைக்கும் இதையெல்லாம் தேடுகிறார்கள். சிறுமூளைக்குப் பின்னுள்ள நீர் இடைவெளி 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வரும், 10 மி.மீ. வரை இயல்பு.

2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதுகுப் பிளவைக் கருவிலேயே மூடிய குழந்தைகளில் 12 மாதத்தில் 64 சதவீதத்தினருக்குச் சிறுமூளை இறக்கம் இருந்தது. பிறந்தபின் மூடியவர்களில் 96 சதவீதம். கசிவை முன்கூட்டி அடைத்தால் இறக்கம் குறைகிறது.

வகை 1-க்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் கேள்விப்படுவீர்கள். டான்சிலோடு மூளைத்தண்டும் இறங்கியிருந்தால் 1.5. டான்சில் இறங்காமலே சிரிங்ஸ் உண்டாகி, பின்மண்டையை விரிவாக்கினால் அது சுருங்குபவர்கள் 0. இறக்கமே இல்லாத ‘கியாரி’ என்பது விசித்திரமான பெயர்தான்.

டாண்டி வாக்கர் குறைபாடும் இதுவும் ஒன்றா?

அது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. அங்கே குழி பெரிது, சிறுமூளையின் நடுப்பகுதி சரியாக வளராமல் மேல்நோக்கிச் சுழன்றிருக்கும். மூளைத்தண்டுக்கும் அந்த நடுப்பகுதிக்கும் இடையிலுள்ள கோணம் 45 டிகிரிக்கு மேல் போனால் அந்தத் திசையில் யோசிப்பார்கள்.

கம்ப்யூட்டரே அளந்துவிடாதா?

ஆரம்பித்துவிட்டது. சிறுமூளையின் எல்லையைத் தானே கண்டுபிடித்துக் கொள்ளளவு சொல்லும் மென்பொருள்கள் ஆய்வுக்கூடங்களில் பழக்கமானவை. பல டஜன் நீளங்களையும் கோணங்களையும் ஒரே நேரத்தில் அளந்து, எந்தச் சேர்க்கை அறிகுறியோடு ஒத்துப்போகிறது என்று தேடுகிறார்கள். அளவு எடுப்பவருக்கு எடுப்பவர் மாறும் பிரச்சினை இதில் குறையும். ஆனால் இயல்பான மூளைகளைப் பார்த்துப் பழகிய மென்பொருள், நெருக்குண்டு உருமாறிய டான்சிலைத் தண்டுவடம் என்று நினைத்து வெட்டிவிடுவதும் நடக்கிறது. படத்தை ஒரு ஆள் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு டான்சில் மேலே போய்விடுமா?

சில பேருக்கு ஏறும், சில பேருக்கு அங்கேயே நிற்கும். ஆபரேஷனில் பிடரி எலும்பில் ஒரு பகுதியையும் முதல் கழுத்தெலும்பின் பின் வளைவையும் எடுத்து இடம் பண்ணுகிறார்கள்; தேவைப்பட்டால் மூளை உறையைத் திறந்து ஒட்டுப் போட்டு அகலமாக்குகிறார்கள். பிறகு எடுக்கும் ஸ்கேனில் பார்ப்பது, சிறுமூளைக்குப் பின்னால் நீர் திரும்பி வந்ததா, சிரிங்ஸின் அகலம் குறைந்ததா என்பதைத்தான். சிரிங்ஸ் சுருங்க மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ‘இன்னும் 6 மி.மீ. இருக்கிறதே, ஆபரேஷன் தோல்வியா’ என்று கேட்டு வருபவருக்கு, இருமல் வலி போய்விட்டதா என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது என்ன எடுத்துப் போவது?

ஃபிலிம் போதாது. அதில் யாரோ தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும், அவற்றில் புதிதாக அளக்கவும் முடியாது. எல்லாப் படங்களும் உள்ள சி.டி. அல்லது பென் டிரைவைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் அதுவும். இடுப்பில் ஊசி போட்டு நீர் எடுத்திருந்தாலோ, பிரசவத்துக்கு முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தாலோ, அது ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்னால் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.